யாருக்கு எந்த வேலை? பணியிடத்தில் பெண்கள் மீதான முன்முடிவு எப்படி வேலை செய்கிறது

"எங்க கம்பெனியில பாதிக்கு மேல பொம்பளைங்கதானுங்க. இங்க என்னங்க பாகுபாடு?"

திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துபவர்களிடம் இந்தப் பேச்சை எடுத்தால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் இதுதான். சொல்பவர் பொய் சொல்லவில்லை. காலை எட்டரை மணிக்கு முன்னால் அவிநாசி ரோட்டில் நின்றாலே தெரியும், வேன் வேனாகப் பெண்கள் வேலைக்கு வந்து இறங்குவது. ஆனால் வாசலில் தலையை எண்ணுவது ஒரு கணக்கு. உள்ளே போய் யார் எந்த மேசையில் நிற்கிறார், யார் யாருக்கு வேலை சொல்கிறார், யாருக்கு ஒரு ஷிப்டுக்கு எவ்வளவு என்று எண்ணுவது வேறு கணக்கு.

இதைப் பற்றிய விவாதம் வழக்கமாக மனசைப் பற்றிய விவாதமாகத் திரும்பிவிடுகிறது. முதலாளியும் சூப்பர்வைசரும் பெண்களை மட்டமாக நினைக்கிறார்கள் என்று ஒரு பக்கம் குற்றம் சாட்டும். "எங்க வீட்டுப் புள்ளைங்க மாதிரித்தானுங்க பார்த்துக்கறோம்" என்று மறுபக்கம் சொல்லும். பேச்சு அதோடு நின்றுபோகும். உண்மையில் யாரையும் மட்டமாக நினைக்காமலே, அக்கறையோடு பேசிக்கொண்டே, ஒரு பெண்ணின் கூலியையும் பதவி உயர்வையும் குறைத்துவிட முடியும். அது நடக்கும் விதம் தெரிந்தால்தான் எங்கே கைவைத்துச் சரிசெய்வது என்பதும் தெரியும்.

உடைத்துப் பார்க்காத மஞ்சள்

ஈரோட்டு மஞ்சள் மண்டியில் வியாபாரி ஒரு விரல் மஞ்சளை எடுத்து உடைத்து, உள்நிறத்தையும் காய்ந்த பதத்தையும் பார்த்துத்தான் விலை சொல்வார். அப்படி உடைத்தே பார்க்காமல், மூட்டை எந்த ஊரிலிருந்து வருகிறது என்று மட்டும் கேட்டு விலை போடும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். "அந்த ஊர்ச் சரக்கா, சுமாராத்தான் இருக்கும்" என்கிறார். நல்ல மஞ்சளுக்கும் மட்ட விலை. ஒன்றிரண்டு பருவம் போனால், பக்குவமாக வேகவைத்துக் காயவைத்தாலும் இதே விலைதானே என்று அந்த ஊர் விவசாயி மெனக்கெடுவதை விட்டுவிடுவார். அடுத்த பருவத்துச் சரக்கு நிஜமாகவே சுமாராக வரும். வியாபாரி அதைக் காட்டி, "நான் அப்பவே சொன்னேனில்ல" என்பார்.

பணியிடத்தில் நடப்பதும் இதுதான். அதில் மூன்று படிகள் உண்டு. ஒரு கூட்டத்தைச் சேர்ந்த எல்லோரும் இப்படித்தான் என்று முன்கூட்டியே மனதில் இருக்கும் எண்ணம் முன்முடிவு. அந்த எண்ணத்தால் ஒரு தனி ஆளைப் பற்றிய மதிப்பீடு ஒரு பக்கமாகச் சரிவது சாய்வு. சரிந்த அந்த மதிப்பீட்டை வைத்துக் கூலி, வேலை, பதவி ஆகியவற்றில் வேறுபாடு காட்டுவது பாகுபாடு. முதலிரண்டும் தலைக்குள் இருப்பவை. மூன்றாவது சம்பளப் பதிவேட்டில் இருக்கும். அதை எண்ணிக் காட்டலாம்.

முன்முடிவிலேயே இரண்டு வகை இருப்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். "பெண்களுக்கு மெஷின் புரியாது" என்பது பெண்கள் எப்படி இருக்கிறார்கள் என்பதைப் பற்றியது. "பொம்பளைன்னா கொஞ்சம் அடக்கமா பேசணும்" என்பது எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பற்றியது. முதல் வகையை வேலை செய்து காட்டிப் பொய்யாக்கலாம். இரண்டாவது வகையில், செய்து காட்டுவதே குற்றமாகிவிடுகிறது.

ஒரே தாள், இரண்டு பெயர்

"திறமை இருந்தா யார் வேணும்னாலும் மேல வரலாம், நாங்க திறமையைத்தான் பார்க்கிறோம்" என்ற வாதத்தைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2012இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஆய்வக மேலாளர் வேலைக்கான ஒரே விண்ணப்பத்தைப் பல்கலைக்கழகங்களின் அறிவியல் பேராசிரியர்கள் 127 பேருக்கு அனுப்பினார்கள். பாதிப் பேருக்குப் போன தாளில் ஜான் என்ற ஆண் பெயர். மீதிப் பேருக்குப் போனதில் ஜெனிஃபர் என்ற பெண் பெயர். மற்றபடி ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஜானுக்குத் திறமை அதிகம் என்று மதிப்பெண் விழுந்தது. அவருக்குக் கொடுக்கலாம் என்று சொன்ன ஆண்டுச் சம்பளம் சராசரியாக 30,238 டாலர்; ஜெனிஃபருக்கு 26,508 டாலர்.

இந்த ஆய்வில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, பெண் பேராசிரியர்களும் ஆண்களைப் போலவேதான் மதிப்பெண் போட்டார்கள் என்பது. ஆகவே "எங்க ஹெச்.ஆரே ஒரு மேடம்தானுங்க" என்பது சாய்வு இல்லை என்பதற்குச் சான்றாகாது. சுற்றிலும் பார்த்து வளர்ந்ததைத்தான் எல்லோர் மனமும் எடுத்துக்கொள்கிறது.

நகரும் அளவுகோல்

சாய்வு பெரும்பாலும் "பெண் வேண்டாம்" என்ற சொல்லாக வெளியே வருவதில்லை. நியாயமாகத் தெரியும் ஒரு காரணமாக வரும். 2005இல் வெளியான ஓர் ஆய்வு இதை நன்றாகப் பிடித்துக் காட்டியது. காவல்துறைத் தலைவர் பதவிக்கு இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவருக்குப் படிப்பு அதிகம். மற்றவருக்குக் களத்தில் அலைந்த அனுபவம் அதிகம். ஆணுக்கு அனுபவம் இருப்பதாகச் சொன்னபோது, இந்த வேலைக்கு அனுபவமே முக்கியம் என்றார்கள் மதிப்பிட்டவர்கள். ஆணுக்குப் படிப்பு இருப்பதாகச் சொன்னபோது, படிப்பின் மதிப்பை உயர்த்தினார்கள். ஆள் முதலில் முடிவாகிவிடுகிறார். அளவுகோல் அதன் பிறகு அவருக்கேற்ப வளைகிறது. மதிப்பிட்டவருக்குத் தான் நேர்மையாக நடந்ததாகவே தோன்றும், ஏனென்றால் அவர் கையில் ஒரு காரணம் இருக்கிறது.

நம் ஊர்க் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர் இடம் காலியாகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து வருஷமாக ஓவர்லாக், பேட்லாக் என்ற இரண்டு வகைத் தையல் மெஷினும் ஓட்டும் ஒரு அக்கா இருக்கிறார். டிப்ளமோ முடித்து வந்து இரண்டு வருஷமான ஒரு தம்பி இருக்கிறார். "சரக்கு வாங்கற பையர் வந்தா பேசணும், படிச்ச பையன்தான் சரி" என்று முடிவாகும். அடுத்த முறை நிலைமை தலைகீழாக இருக்கும்: படித்த பெண், அனுபவமுள்ள ஆண். "படிப்பு கிடக்குதுங்க, லைன்ல நின்னு பழகினவன்தான் வேணும்" என்பார்கள். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு முடிவுக்கும் காரணம் உண்டு. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் அளவுகோல் நகர்ந்திருப்பது தெரியும்.

மருந்தும் அதே ஆய்வில் இருக்கிறது. எந்தத் தகுதிக்கு எவ்வளவு மதிப்பு என்பதை, ஆட்களைப் பற்றிக் கேள்விப்படுவதற்கு முன்பே உறுதிசெய்யச் சொன்னபோது அந்தப் பாகுபாடு மறைந்தது. மனதைத் திருத்தவில்லை, வகுப்பு எடுக்கவில்லை. வரிசையை மாற்றினார்கள், அவ்வளவுதான்.

இதுவரை பார்த்தது: முன்முடிவு மதிப்பீட்டைச் சாய்க்கிறது, சாய்ந்த மதிப்பீடு தனக்கென ஒரு காரணத்தைத் தேடிக்கொள்கிறது, காரணம் இருப்பதால் யாருக்கும் உறுத்துவதில்லை. இனி, ஆளை அல்லாமல் வேலையையே தரம் பிரிக்கும் இடத்துக்கு வருவோம். கொங்கு நாட்டில் பெரிய நட்டம் அங்கேதான் இருக்கிறது.

எது திறன் வேலை, எது சும்மா வேலை?

ஒரு பனியன் உருவாகும் வரிசையைப் பாருங்கள். நிட்டிங், சாயம், கட்டிங், தையல், பிசிர் வெட்டுதல், செக்கிங், அயர்னிங், கைமடி, பேக்கிங். கட்டிங் மாஸ்டர், நிட்டிங் ஆபரேட்டர், சாயப்பட்டறை ஆள் என்றால் பெரும்பாலும் ஆண். பிசிர் வெட்டுதல், செக்கிங், கைமடி என்றால் பெரும்பாலும் பெண். முதல் கூட்டத்துக்கு மாஸ்டர், ஆபரேட்டர் என்று பெயர். இரண்டாம் கூட்டத்துக்குப் பல இடங்களில் "ஹெல்பர்" என்ற ஒரே பெயர்.

செக்கிங் மேசையில் என்ன நடக்கிறது? பீஸை உள்ளும் புறமும் திருப்பி, கழுத்து ரிப், கை, அடிமடிப்பு என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். தையல் விட்டிருக்கிறதா, ஊசி பட்டு ஓட்டை விழுந்திருக்கிறதா, எண்ணெய்க் கறை உண்டா, உடம்புத் துணிக்கும் கைத்துணிக்கும் ஷேடு மாறியிருக்கிறதா, அளவு சரியா என்று சில நொடிகளில் முடிவெடுக்க வேண்டும். கண் தவறிய பீஸ்கள் பையரின் சோதனையில் சிக்கினால் லாட் முழுக்கத் திருப்பிப் பார்க்க வேண்டியதாகிவிடும். ஏற்றுமதிக் கம்பெனியின் பெயரே இந்த மேசையில்தான் நிற்கிறது. இதற்கு ஹெல்பர் கூலி.

ஏன் என்று கேட்டால், "பொம்பளைங்களுக்குப் பொறுமை இயற்கையிலேயே உண்டுங்க, விரலும் வேகமா ஓடும்" என்பார்கள். பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். அந்தப் பாராட்டுக்குள்தான் கூலிக் குறைப்பு ஒளிந்திருக்கிறது. கற்றுக்கொண்டதென்றால் அதற்குக் காசு கொடுக்க வேண்டும். பிறப்பிலேயே வந்ததென்றால் கொடுக்க வேண்டியதில்லை. கட்டிங் மாஸ்டர் துணியை மிச்சம் பிடிப்பது பல வருஷம் கற்ற வித்தை என்று ஒப்புக்கொள்ளும் அதே வாய், செக்கிங் அக்காவின் கண்ணை இயற்கை என்று தள்ளிவிடுகிறது. அதன் விளைவாக அந்த மேசைக்கு ஒன்றாம் கிரேடு, இரண்டாம் கிரேடு என்று படிகளே வைப்பதில்லை. பத்து வருஷம் நின்றவருக்கும் பத்து மாதம் நின்றவருக்கும் கூலியில் பெரிய வித்தியாசம் வராது.

"இன்ன வேலை ஆண்களுக்கு, இன்ன வேலை பெண்களுக்கு" என்பது இயற்கையாக இருந்தால் அது மாறாமல் இருக்க வேண்டும். திருப்பூரிலேயே அது மாறியிருக்கிறது. தையல் மெஷினில் ஒரு காலத்தில் ஆண்களே உட்கார்ந்திருந்தார்கள். 1980களில் ஏற்றுமதி பெருகி ஆள் தேவைப்பட்டபோது பெண்கள் வந்தார்கள். இன்று லைன் லைனாகப் பெண் டெய்லர்கள் இருக்கிறார்கள். பெண்ணின் கையோ மெஷினோ மாறவில்லை. தேவை வந்ததும் முன்முடிவு வழிவிட்டது.

தோட்டத்திலும் இதே கதைதான். ஆம்பளக் கூலி, பொம்பளக் கூலி என்று இரண்டு விலை இருப்பதை யாரும் கேள்வி கேட்பதில்லை. வரப்பு வெட்டுவது கனமான வேலை, களை எடுப்பது இலேசான வேலை என்பது விளக்கம். நாள் முழுக்கக் குனிந்து நாற்று நடும் இடுப்பைக் கேட்டால் வேறு பதில் வரும்.

மேற்கு மாவட்டங்களின் நூற்பாலைகளில் நடந்த சுமங்கலித் திட்டம் முன்முடிவையே கூலி முறையாக மாற்றியது. இளம்பெண்ணை விடுதியில் தங்கவைத்து, சுமார் மூன்று வருஷம் வேலை வாங்கி, கடைசியில் திருமணச் செலவுக்கென ஒரு தொகையை மொத்தமாகத் தருவதாகச் சொல்வார்கள். இடையில் உடம்பு முடியாமல் விட்டுப் போனவர்கள் பலருக்கு அந்தத் தொகை கிடைக்கவில்லை. "எப்படியும் கல்யாணம் ஆகிப் போயிருவா" என்ற ஒற்றை எண்ணம்தான் அதன் அஸ்திவாரம். நிரந்தர வேலை, வருஷாவருஷம் உயர்வு, கையில் மாதச் சம்பளம் என்ற மூன்றும் அந்த எண்ணத்தால் தேவையற்றவையாகிப் போயின. ஏழைப் பெண், அதிலும் தலித் பெண் என்றால் இப்படி ஒரு முறைக்குள் சிக்குவது இன்னும் எளிது. சாதியும் பாலினமும் சேரும் இடத்தில் முன்முடிவுகள் கூடிப் பெருகுகின்றன.

இரண்டு பக்கமும் இடி

எப்படி இருக்க வேண்டும் என்ற இரண்டாவது வகை, பதவிக்கு வந்த பெண்களைத்தான் அதிகம் தாக்கும். உற்பத்தி இலக்கு தவறியதும் சத்தம் போடும் ஆண் சூப்பர்வைசரைக் "கண்டிப்பான ஆளு" என்பார்கள். அதே சத்தத்தை ஒரு பெண் போட்டால் "ரொம்பத் திமிருங்க அந்தம்மாவுக்கு". சரி, மென்மையாகப் பேசினால்? "ஆளுங்களைக் கட்டி மேய்க்கத் தெரியல." மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது போல எந்தப் பக்கம் போனாலும் அடி விழும். நிர்வாகம் இதைப் பிடிக்க ஒரு சின்னச் சோதனை போதும்: ஆண்டு மதிப்பீட்டில் எழுதிய வரியை எடுத்து, பெயரை மாற்றி ஓர் ஆணுக்கு இதே வரியை எழுதியிருப்போமா என்று கேட்டுப் பாருங்கள். குணத்தைப் பற்றிய சொற்களை அடித்துவிட்டு, அவர் என்ன செய்தார், எந்தத் தேதியில், அதனால் என்ன ஆயிற்று என்று எழுதச் சொல்லுங்கள்.

"சராசரியைத்தானுங்க பார்க்கிறோம்"

கொஞ்சம் படித்தவர்கள் வைக்கும் வாதம் இது. தனி ஆளைப் பற்றி எங்களுக்கு வன்மம் இல்லை, ஆனால் பெண்கள் கல்யாணம், பிரசவம் என்று நின்றுவிடுவது சராசரியாகப் பார்த்தால் உண்மைதானே என்பார்கள். பொருளியலில் இதற்குப் புள்ளிவிவரப் பாகுபாடு என்று பெயர்: கூட்டத்தின் சராசரியை எடுத்துத் தனி ஆளின் மேல் ஒட்டுவது. 1970களிலேயே இதை விளக்கியிருக்கிறார்கள்.

இதில் இரண்டு ஓட்டைகள். முதலாவது, சராசரி தானாக வந்ததல்ல. நின்றுவிடுவார் என்று நினைத்துப் பயிற்சி தராமல், உயர்வு தராமல் வைத்தால், நின்றுவிடுவதால் அவருக்கு இழப்பும் இல்லை. உடைக்காத மஞ்சள் போலத்தான். இரண்டாவது, அந்தச் சராசரியின் பாதி வீட்டுக்குள் இருக்கிறது. 2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளைக்கு 289 நிமிடம் செலவிட்டார்கள். அதே வேலையில் ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடம். லேட்டாக வருகிறார் என்று குறிக்கும்போது அந்த மூன்று மணி நேர வித்தியாசத்தையும் நினைவில் வைக்க வேண்டும்.

பிரசவச் செலவு பற்றிய பயமும் பெரும்பாலும் தெரியாமையால் வருவது. 2017 திருத்தத்துக்குப் பின் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. ஆனால் மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மேற்படாமல் ஈஎஸ்ஐயில் இருக்கும் தொழிலாளிக்கு, தகுதி நாட்கள் இருந்தால் அந்தப் பணத்தை ஈஎஸ்ஐதான் தருகிறது. முதலாளி ஏற்கெனவே 3.25 சதவீதம் சந்தா கட்டிக்கொண்டிருக்கிறார். சந்தா கட்டி வாங்கிவைத்த காப்பீட்டை மறந்துவிட்டு, "பிரசவம்னா நாமதான் அழணும்" என்று பெண்ணை வேலைக்கு எடுக்காமல் விடுவது கணக்கிலும் தப்பு.

சட்டம் என்ன சொல்கிறது

ஒரே வேலைக்கோ, ஒத்த தன்மையுள்ள வேலைக்கோ ஆணுக்கும் பெண்ணுக்கும் சமக் கூலி என்பது 1976இலேயே சட்டம்; 2019 ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. பெண் ஸ்டெனோகிராபர்களுக்குக் குறைவாகச் சம்பளம் கொடுத்த மெக்கினன் மெக்கன்சி வழக்கில், 1987இல் உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயங்களைத் தெளிவாக்கியது. வேலையை அகலப் பார்க்க வேண்டும், சில்லறை வித்தியாசங்களைப் பெரிதாக்கக் கூடாது. கம்பெனிக்குக் கட்டுபடியாகவில்லை என்பதும் காரணமாகாது.

"நைட் ஷிப்டுக்குச் சட்டமே விடாதுங்க" என்ற பேச்சு இன்னும் ஓடுகிறது. பெண்களின் இரவு வேலையைத் தடுத்த தொழிற்சாலைச் சட்டப் பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000இலேயே செல்லாது என்று சொல்லி, பாதுகாப்பு நிபந்தனைகளையும் வகுத்துவிட்டது. பெண்ணின் சம்மதமும், வண்டியும், பாதுகாப்பும் வேண்டும். அவற்றைச் செய்யாமல் இருப்பதற்குச் சட்டத்தைச் சாக்காகச் சொல்ல முடியாது. பாலியல் தொல்லை வேறு விஷயம்; அதற்கு 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும், சிறிய பட்டறையில் இருப்பவர் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் எழுதுவது முக்கியம்.

நாற்பது மெஷின் கம்பெனியில் என்ன செய்யலாம்

சாய்வு தலைக்குள் இருந்தாலும், அது வெளியே வரும் வாசல்கள் நான்குதான்: ஆள் எடுப்பது, வேலை பிரிப்பது, கூலி நிர்ணயிப்பது, உயர்வு தருவது. ஒரு நாள் கூட்டம் போட்டு விழிப்புணர்வு பேசுவதால் இந்த வாசல்கள் மாறுவதில்லை. வாசலில் முறை வைக்க வேண்டும்.

முதலில் ஒரு தாளில் கட்டம் போடுங்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் ஆண் எத்தனை, பெண் எத்தனை, ஷிப்ட் கூலி என்ன, வேலையில் எத்தனை வருஷம், கடைசி ஐந்து உயர்வுகள் யாருக்கு. ஒரே மெஷினில் ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்று இருந்தால் அது சட்ட மீறல், உடனே சரிசெய்ய வேண்டும். ஒரு பிரிவுக்குப் படிகளே இல்லையென்றால் மூன்று கிரேடு வையுங்கள். செக்கிங்கில், அடிப்படைக் குறைகளைக் கண்டுபிடிப்பது முதல் கிரேடு. ஷேடும் அளவும் சேர்த்துப் பார்த்துப் பதிவெழுதுவது இரண்டாவது. குறை எந்த மெஷினிலிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து லைனுக்குச் சொல்வது மூன்றாவது.

ஆள் எடுக்கும்போது "எப்பக் கல்யாணம்?", "வீட்ல விடுவாங்களா?" என்ற கேள்விகளை நிறுத்திவிட்டு, வேலையின் நிபந்தனையைச் சொல்லிக் கேளுங்கள். "ஷிப்மென்ட் நேரத்துல மாசம் நாலு நாள் ராத்திரி எட்டரை வரைக்கும் இருக்கணும், வேன் உண்டு, முடியுங்களா?" இதை ஆணிடமும் அப்படியே கேட்க வேண்டும். "அந்தப் புள்ளைக்கு எதுக்குங்க சிரமம்" என்று அவருக்காக நீங்கள் முடிவெடுக்காதீர்கள்.

சூப்பர்வைசர் தேர்வுக்கு நூறு மதிப்பெண்ணை முன்பே பிரித்து எழுதி ஒட்டிவிடுங்கள். தையல் தரம் 30, இலக்கை எட்டியது 25, புதியவருக்குக் கற்றுக்கொடுப்பது 20, உற்பத்திக் கணக்கு எழுதுவது 15, வருகை 10 என்று இருக்கலாம். பெயர்கள் வருவதற்கு முன்பே இது முடிய வேண்டும். பிறகு இரண்டு பேர் தனித்தனியாக, கலந்து பேசாமல் மதிப்பெண் போட வேண்டும். இங்கே சறுக்கும் இடங்கள் உண்டு. பிரசவ விடுப்பை வருகைக் குறைவாக எண்ணிவிடுவார்கள். அந்த மாதங்களைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட வேண்டும். "பைக் ஓட்டத் தெரியணும்", "எந்த நேரம் கூப்பிட்டாலும் வரணும்" என்று பொதுவாகத் தெரியும் நிபந்தனைகள் நுழைந்துவிடும். வேலைக்கு அது உண்மையில் தேவையா, மாதத்தில் எத்தனை முறை தேவைப்பட்டது என்று பதிவேட்டைப் பார்த்துச் சொல்ல முடியாவிட்டால் எடுத்துவிடுங்கள். கட்டிங்குக்கோ லேத் பட்டறைக்கோ ஒரே ஒரு பெண்ணை மட்டும் அனுப்பி, பக்கத்தில் கழிப்பறையும் இல்லாமல், சொல்லிக்கொடுக்க ஆளும் இல்லாமல் விட்டால் இரண்டே மாதத்தில் அவர் நின்றுவிடுவார், "பார்த்தீங்களா" என்பார்கள். இரண்டு மூன்று பேராக அனுப்புங்கள், பெயர் சொல்லி ஒருவரைக் கற்றுக்கொடுக்கப் பொறுப்பாக்குங்கள், ஆணுக்குக் கொடுக்கும் அதே பயிற்சிக் காலத்தைக் கொடுங்கள்.

வேலை செய்யும் பெண்ணும் கேட்க வேண்டியவை உண்டு. எந்தக் கிரேடில் இருக்கிறேன், அடுத்த கிரேடுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும், அதை யார் சோதிப்பார் என்பதை எழுத்தில் கேளுங்கள். சம்பளச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். எந்த மெஷினில் எத்தனை நாள் ஓட்டினீர்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். கூலி வித்தியாசம் பற்றித் தொழிலாளர் துறைக்குப் போக நேர்ந்தால் அந்த நோட்டு பேசும்.

மதிப்பெண் தாளில் முதலில் வந்தவரை விட்டுவிட்டு வேறொருவரை எடுக்கும் உரிமை நிர்வாகத்துக்கு இருக்கட்டும். ஆனால் அதற்கான காரணத்தை அதே தாளின் அடியில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். "சரிப்பட்டு வராது" என்று மட்டும் எழுதினால் அந்தத் தாளைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.